தா பாட் அகம்: கோர்க்கா க்வீனாவில் ஐந்து நாள்

முதல் நாள்

கார்க் நகரத்துக்கு நான் வேலைக்கு வந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. இந்த நான்கு வருடமும் ஐரிஷ் மொழியைக் கண்ணால் பார்த்ததுதான் அதிகம். சாலைப் பலகைகளில் ஆங்கிலப் பெயருக்கு மேலே சாய்ந்த எழுத்தில் ஊரின் ஐரிஷ் பெயர் இருக்கும். நாணயத்தில் இருக்கும், அரசாங்கக் கடிதத்தின் தலைப்பில் இருக்கும். ஆனால் கடையில் இரண்டு பேர் அந்த மொழியில் விலை பேசி நான் கேட்டதில்லை. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷைத்தான் நாட்டின் முதல் ஆட்சிமொழி என்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறோம் என்று சொன்னவர்கள் சுமார் 72,000 பேர். நாட்டின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்துக்கு மேல். அந்த 72,000 பேரில் சிலரையாவது அவர்கள் ஊரிலேயே போய்ப் பார்க்க வேண்டும், அவர்கள் பேசுவதைக் காதால் கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

லிமரிக்கில் படிக்கும் தம்பிக்கு இந்த ஆகஸ்டில் ஐந்து நாள் ஓய்வு கிடைத்தது. கிளம்பிவிட்டோம். போகும் இடம் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி கவுன்ட்டியில், அட்லாண்டிக்குக்குள் சுமார் 48 கிலோமீட்டர் நீளும் நிலம். ஆங்கிலத்தில் டிங்கிள் தீபகற்பம். ஐரிஷில் கோர்க்கா க்வீனா. டோவினியா என்ற பழைய பெண்தெய்வத்தின் வழி வந்தவர்கள் என்று பொருள். அதன் மேற்குப் பாதி இன்னும் ஐரிஷ் பேசும் பகுதி. அப்படிப்பட்ட பகுதிகளை கேல்டாக்ட் என்கிறார்கள்.

ட்ராலி ஊரைத் தாண்டி வடக்குக் கரை வழியாக வந்து கானர் கணவாயில் ஏறினோம். நான்தான் ஓட்டினேன். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே ஏறும் பாதை. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சாலை ஒரே வண்டி போகிற அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஒரு பக்கம் பாறை, கண்ணாடியை உரசுகிற மாதிரி. மறுபக்கம் முழங்கால் உயரக் கல்சுவர், அதற்கப்புறம் பள்ளம். எதிரே ஒரு பழைய கார் வந்தது. நான் பின்னால் போவதற்குள் அவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். இந்தப் பக்கத்தில் வணக்கம் என்றால் அதுதான். மேலே நின்று பார்த்தால் வடக்கே ஏரிகளும் பிராண்டன் விரிகுடாவும், தெற்கே டிங்கிள் துறைமுகமும் ஒரே பார்வையில் விழுகின்றன. 2024இல் இந்தக் கணவாய் நிலத்தை அரசே வாங்கி, நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவோடு சேர்த்திருக்கிறது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இறங்கும்போது தம்பி வானொலியைத் திருப்பினான். ரேடியோ நா கேல்டாக்ட், 1972இலிருந்து ஐரிஷில் மட்டும் ஒலிபரப்பாகும் நிலையம். ஒரு பெண் நிதானமான குரலில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயர், ஆள் பெயர், நேரம், மறுபடி ஊர்ப் பெயர். இறப்புச் செய்தி என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. யார் போய்விட்டார்கள், எந்தத் தேவாலயத்தில் எத்தனை மணிக்கு அடக்கம் என்று ஊருக்குச் சொல்கிறார்கள். நான் முதன்முதலாகக் கவனித்துக் கேட்ட ஐரிஷ் இதுதான்.

டிங்கிள் ஊரைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். மீன்பிடித் துறைமுகம், வண்ணம் பூசிய கடைகள், பாதி ஹார்டுவேர் கடையாகவும் பாதி மதுக்கடையாகவும் இருக்கும் பழைய இடங்கள். ஃபங்கி என்ற டால்ஃபின் 1983இலிருந்து 2020 வரை தனியாக இந்தத் துறைமுகத்திலேயே வாழ்ந்தது. ஒருநாள் காணாமல் போனது, திரும்பவில்லை. அதற்கு வெண்கலச் சிலை இருக்கிறது.

ஆனால் ஊர்ப் பெயர் விவகாரத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2005இல் கேல்டாக்ட் பகுதிகளில் ஆங்கில ஊர்ப்பெயர்களுக்குச் சட்ட மதிப்பில்லை என்று அரசு உத்தரவு போட்டது. பலகைகளில் டிங்கிள் போய் 'அன் டங்கன்' மட்டும் வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 2006இல் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையானவர்கள் இரண்டு பெயரும் வேண்டும் என்றார்கள். 2011இல் சட்டம் திருத்தப்பட்டு, டிங்கிளும் 'டங்கன் இ கூஷ்' என்ற முழு ஐரிஷ் பெயரும் ஒன்றாக நிலைத்தன. மொழிப் பற்றுள்ள ஊர் ஏன் எதிர்க்க வேண்டும் என்று எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. ராத்திரி தங்கும் வீட்டில் கேட்டேன்.

நாங்கள் தங்கியிருப்பது பாலிஃபெரிட்டர் அருகே ஒரு வீட்டில். அறை வாடகைக்கு விடும் அம்மாவை இங்கே 'பான் அ தீ' என்கிறார்கள். வீட்டுக்காரம்மா. சொல்லுக்குச் சொல் அதேதான். அறுபது வயது தாண்டியிருக்கும். அவர் சொன்னார்: "பெயர் எங்களுடையது. அதை எங்களிடம் கேட்டிருக்கலாம் இல்லையா?" பிறகு அடுப்படியில் இருந்த மகனைப் பார்த்து ஐரிஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். அவர் கெட்டிலை இறக்கினார். அதுதான் நான் தேடி வந்தது. பலகை விஷயத்தில் யார் சரி என்று இப்போதும் எனக்கு முடிவு சொல்லத் தெரியாது. கெட்டிலை இறக்கு என்று சொல்ல ஒரு மொழி பயன்படுகிற வரைக்கும் அது உயிரோடு இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

இரண்டாம் நாள்

படகு இன்று போகாது என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. ப்ளாஸ்கெட் தீவுக்கு டூன் க்வீன் படகுத்துறையிலிருந்து போக வேண்டும். வெயில் அடித்தது, காற்றும் பெரிதாக இல்லை. ஆனால் வெளிக்கடலில் அலை உருண்டு வருகிறது, தீவில் இறக்க முடியாது என்றார்கள். தம்பி முகம் வாடிவிட்டது. "நாளைக்கு மழைங்கிறாங்க அக்கா. அப்ப எப்ப போறது?" என்றான். நாளை மறுநாளுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஸ்லே ஹெட் சாலையில் கிளம்பினோம்.

சுற்றி வர 47 கிலோமீட்டர். எல்லாரும் கடிகாரச் சுற்றில்தான் போகிறார்கள். பெரிய பஸ்களும் அப்படியே. நீங்களும் அப்படியே போங்கள். எதிர்த்துப் போனால் ஒதுங்க இடமில்லாத வளைவுகளில் பஸ்ஸுக்கு நேராகப் போய் நிற்க வேண்டிவரும். இந்தப் பக்கம் சாலைப் பலகைகள் ஐரிஷில் மட்டும்தான். வழிவிடு என்பதற்கு 'கேல் ஷ்லீ'. ஆகஸ்டு என்பதால் வேலிகள் எல்லாம் ஃபியூஷியா பூத்துத் தொங்குகின்றன. சிவப்புக்குள் ஊதா, கம்மல் மாதிரி. அதற்கு ஐரிஷில் 'டியோரா டே' என்று பெயர். கடவுளின் கண்ணீர்.

ஃபாஹன் சரிவில் தேன்கூடு வடிவக் கல் குடில்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கி, மேலே மூடிவிட்டிருக்கிறார்கள். கீழே குன்றின் விளிம்பில் டூன் பேக் என்ற பழைய கோட்டை. அதன் ஒரு பகுதி ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது. சமீபப் புயல்களிலும் சுவர் இடிந்திருக்கிறது. எவ்வளவு பாதுகாத்தாலும் கடல் அடியிலிருந்து அரிக்கிறது.

இன்றைய நாளின் பெரும்பகுதியை டன்மோர் ஹெட்டில் கழித்தோம். தீவுகளை விட்டுவிட்டால், அயர்லாந்துப் பெருநிலத்தின் மேற்குக் கோடி. கும்மினூல் கடற்கரைக்கு மேலே வண்டியை நிறுத்திவிட்டுப் புல் சரிவில் ஏறினால், உச்சியில் ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு கல் தனியாக நிற்கிறது. ஒஹாம் கல். கிறிஸ்து பிறந்து நான்கு ஐந்து நூற்றாண்டுகளில் ஐரிஷை எழுதத் தொடங்கிய எழுத்து அது. அதற்கு ஏடு வேண்டாம், சமதளமும் வேண்டாம். கல்லின் விளிம்புதான் கோடு. விளிம்புக்கு வலப்பக்கம் ஒரு கீறல் போட்டால் ஓர் எழுத்து, இரண்டு போட்டால் இன்னொன்று, ஐந்து வரை போகலாம். இடப்பக்கமும் அப்படியே. விளிம்பைக் குறுக்கே வெட்டும் சாய்ந்த கீறல்கள் ஒரு வரிசை. விளிம்பிலேயே இட்ட சிறு குழிகள் உயிரெழுத்துகள். மொத்தம் இருபது எழுத்து. கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

தம்பி மொபைலில் எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு கல்லின் அடியில் மண்டியிட்டான். கீறல் மேல் விரல் படாமல் காற்றிலேயே தடவி எண்ணினான். "நாலு குழி. அப்ப ஏ. குறுக்கே அஞ்சு கோடு, ர். இந்தப் பக்கம் நாலு, க். ஏர்க்! அக்கா, ஏர்க்னு இருக்கு!" அது ஓர் ஆளின் பெயர். ஏர்க்கின் பெயருக்குப் பின்னால் 'மக்கி' என்று வருகிறது. மகன் என்று பொருள். இன்றைய 'மேக்' என்று தொடங்கும் குடும்பப் பெயர்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. தம்பி துள்ளிக் குதித்தான், மக்கி, மகன், பார்த்தாயா என்று. ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாடுவது எனக்குப் பிடிக்காது. உலகத்தில் எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் இப்படிப் பத்துச் சொல் கிடைக்கும். அதைவிடப் பெரிய விஷயம் அதே கல்லில் இருக்கிறது. டோவினியா என்ற பெயர். இந்த நிலத்துக்குப் பெயர் கொடுத்தவளை, அந்த மக்கள் தங்கள் கையால் வெட்டி வைத்திருக்கிறார்கள். சுமார் ஆயிரத்தைந்நூறு வருடக் காற்றுக்கும் மழைக்கும் அப்புறம் கீறல்கள் ஆழம் குறைந்து, பாசி ஏறி, சில இடத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் தெரிகின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் சாய்ந்ததும் இன்னும் இரண்டு எழுத்து தெரிந்தது. அதற்காகவே காத்திருந்தோம்.

திரும்பும் வழியில் டூன் க்வீன் பள்ளிக்கூடத்தைத் தாண்டினோம். சின்னப் பள்ளி. பிள்ளைகள் குறைவு என்று 1970இல் அரசு இதை மூடியது. ஊரே எதிர்த்து நின்று, தாங்களே பள்ளியை நடத்தி, டப்ளின் வரை போய்ப் போராடி, 1973இல் திறக்க வைத்தார்கள். ஐரிஷ் பேசும் பிள்ளைகளை வேறு ஊருக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் இந்த ஊரில் யார் குடியிருப்பார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. விடுமுறை என்பதால் கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க மனம் வரவில்லை, வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள்

மழை. நேற்று சொன்னது போலவே. பிராண்டன் மலை இருந்த இடமே தெரியவில்லை.

இப்படி ஒரு நாளில்தான் காலரஸுக்குப் போக வேண்டும் என்று வீட்டுக்காரம்மா அனுப்பி வைத்தார். காலரஸ் ஒரு சின்னக் கல் தேவாலயம். கவிழ்த்து வைத்த படகு போல இருக்கும். சாந்தே வைக்காமல் கட்டியது. எப்போது கட்டினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சிலர் ஏழாம் எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள், சிலர் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை கொண்டுவருகிறார்கள். உள்ளே நான்கரை மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் இருக்கும். மேற்கே குனிந்து நுழையும் வாசல். கிழக்கே ஓர் அடி அகலம்கூட இல்லாத ஜன்னல்.

கொட்டுகிற மழையில் ஓடிப்போய் உள்ளே நுழைந்தோம். உள்ளே தரையில் ஈரம் எங்கள் கால் கொண்டுவந்ததுதான். கூரையிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லையும் வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்வாக வைத்திருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நுழையும் தண்ணீர் உள்ளே வராமல் வெளியே வழிந்துவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் ஒவ்வொரு கல்லிலும் அதைத் தவறாமல் செய்திருக்கிறார்கள். வாசலுக்கு உட்புறம் மேலே துளையிட்ட இரண்டு கற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, கதவு மாட்டுவதற்கு. கதவு மட்டும்தான் காலத்தோடு போயிருக்கிறது. மழைச் சத்தம் உள்ளே மந்தமாக, எங்கேயோ தூரத்தில் பெய்வதுபோலக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஜெர்மன் குடும்பம் வந்தது. யாரும் பேசவில்லை. ஏழு பேர் அந்த இருட்டில் மழை குறையும்வரை நின்றோம்.

பக்கத்திலேயே கில்மல்கெடர். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம், கூரை இல்லை. வெளியே மேல்பகுதியில் துளையிட்ட ஓர் ஒஹாம் கல் நிற்கிறது. உள்ளே ஒரு கல்லில் லத்தீன் எழுத்து வரிசையை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏ போய்விட்டது, பி, சி, டி என்று வரிசையாகத் தெரிகிறது. யாரோ யாருக்கோ எழுதச் சொல்லிக்கொடுத்த கல். சில அடி தூரத்துக்குள் இரண்டு எழுத்து: விளிம்பில் கீறுகிற பழையது, முகத்தில் வெட்டுகிற புதியது. மழையில் குடை பிடித்து அதற்கும் இதற்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஸ்மெர்விக் துறைமுகத்தில் டூன் அன் ஓர் என்ற மண்கோட்டையையும் பார்த்தோம். இங்கே இறங்கியிருந்த இத்தாலிய, ஸ்பானிய வீரர்கள் சரணடைந்த பிறகும் 1580 நவம்பரில் ஆங்கிலேயப் படை அவர்களைக் கொன்றது. சுமார் 600 பேர். பக்கத்து வயலுக்குத் தலைகளின் வயல் என்று இன்றும் ஐரிஷில் பெயர். அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

சாயங்காலம் பாலிஃபெரிட்டர் தெருவில் டப்ளின் பிள்ளைகள் கூட்டம். கோடைக்கால ஐரிஷ் கல்லூரிக்கு வந்தவர்கள். மூன்று வாரம் ஊர் வீடுகளில் தங்கி ஐரிஷ் மட்டுமே பேச வேண்டும் என்பது விதி. ஐஸ்கிரீம் கடை வாசலில் ஒரு பெண் சொல் கிடைக்காமல் கையை ஆட்டி ஆட்டித் தேடினாள். தோழிகள் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தத் தவிப்பைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ராத்திரி வீட்டுக்காரம்மாவிடம் பாடம் கேட்டேன். சமையலறை மேஜையில் பிரவுன் பிரெட், வெண்ணெய், தேநீர். ஐரிஷில் ஆம், இல்லை என்று தனிச் சொல் கிடையாது என்றார். வந்தாயா என்று கேட்டால் வந்தேன், வரவில்லை என்றுதான் பதில். வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். "நாங்களும் வீட்டில் பாதி நேரம் அப்படித்தான் பேசுவோம்" என்றேன். அடுத்து 'தா பாட் அகம்' என்றார். 'என்னிடம் படகு இருக்கிறது' என்று அர்த்தம். ஆங்கிலத்தில் படகு எனக்கு உடைமை, நான் அதைக் கொண்டிருக்கிறேன். ஐரிஷில் அப்படிக் கொண்டிருப்பதற்கு வினையே இல்லை. படகு இருக்கிறது, அது என்னிடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். தமிழில் இதை அப்படியே சொல்லிக் காட்டினோம். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், என்னிடம் படகு இருக்கிறது. 'அகம்' என்ற சொல்லை நாங்கள் உள்ளம், வீடு என்ற பொருளில் சொல்வோம் என்றேன். அதை மெல்லச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு 'தா ஓக்ரஸ் ஒரம்'. பசி என் மேல் இருக்கிறது. துக்கமும் அப்படித்தான், தாகமும் அப்படித்தான், எல்லாம் மேலே வந்து உட்காரும். எனக்குப் பசி, எனக்கு வருத்தம் என்று நாம் சொல்வோமே, பசி நம்மிடம் வருகிற மாதிரி. நான்கு வருடமாக இந்த நாட்டில் ஆங்கிலம் பேசுகிறேன். ஒவ்வொரு தடவையும் 'நான் பசியாக இருக்கிறேன்' என்று உள்ளுக்குள் திருப்பித்தான் பேசியிருக்கிறேன். இங்கே ஒரு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் திருப்பாமலே பேசினார். இதனால் இரண்டு மொழிக்கும் சொந்தம் என்று ஆகிவிடாது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று.

நான்காம் நாள்

படகு போனது.

டூன் க்வீன் துறைக்கு இறங்கும் பாதை வளைந்து வளைந்து செங்குத்தாகப் போகிறது. கீழே நின்று மேலே பார்த்தால் பாறை மேல் போட்ட பாம்பு மாதிரி. இருபது நிமிடப் பயணம். தீவில் பெரிய படகு அணைய இடமில்லை. ரப்பர் படகில் மாற்றி, வழுக்கும் கல் இறங்குதுறையில் ஒருவர் கைகொடுக்க ஏற வேண்டும். அமைதியான நாளிலேயே அலை ஏறி இறங்குவதற்குள் காலை வைத்துவிட வேண்டியிருந்தது. டிசம்பரில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதே புரிந்துவிட்டது.

ப்ளாஸ்கெட் மோர், பெரிய ப்ளாஸ்கெட். ஐந்தாறு கிலோமீட்டர் நீள மலை முதுகு. பெருநிலத்தைப் பார்த்த சரிவில் மட்டும் ஊர். முதல் உலகப் போர்க் காலத்தில் 170க்கு மேல் பேர் இருந்தார்கள். தேவாலயம் இல்லை, மருத்துவர் இல்லை, மதுக்கடையும் இல்லை. மீனும் நண்டும் பிடித்தார்கள், ஆடு வளர்த்தார்கள், மலையில் கரி மண் வெட்டி அடுப்பு எரித்தார்கள். நேவோக் என்ற, தார் பூசிய துணி போர்த்த மெல்லிய படகுதான் எல்லாவற்றுக்கும். இறந்தவர்களை அதில்தான் டூன் க்வீன் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள், கடல் விட்டால்.

இந்த ஊர் ஐரிஷ் இலக்கியத்துக்குக் கொடுத்தது அதன் அளவுக்குச் சம்பந்தமில்லாதது. ஐரிஷ் கற்க வந்த நார்வே அறிஞர் கார்ல் மார்ஸ்ட்ராண்டர் 1907இல் வந்தார், பிறகு இங்கிலாந்திலிருந்து ராபின் ஃப்ளவர் வந்தார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் டோமாஸ் ஓ க்ரிஹின் என்ற மீனவர். டோமாஸுக்குப் பள்ளியில் ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தன் தாய்மொழியை வாசிக்க அவர் பெரியவரான பிறகு தானே கற்றுக்கொண்டார். அவர் எழுதிய தன்வரலாறு, 'தீவுக்காரன்' என்ற பொருள் தரும் தலைப்பில், 1929இல் வந்தது. பெக் சேயர்ஸ் என்ற பெண்மணிக்கு ஐரிஷில் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதிய புத்தகம் 1936இல் வந்தது. பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாடமாகப் படித்தார்கள்.

டோமாஸின் வீட்டைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். நான் அதைவிட அதிக நேரம் பெயர் தெரியாத ஓர் இடிந்த வீட்டில் இருந்தேன். கூரை இல்லை. தரை முழுக்கச் செந்தட்டி. மனிதர்கள் பல காலம் குடியிருந்த மண்ணில்தான் அது இப்படித் தழைக்குமாம், வழிகாட்டி சொன்னார். அடுப்பின் பக்கச் சுவரில் ஒரு சின்ன மாடக்குழி. ஈரம் படாமல் உப்போ புகையிலையோ வைக்க. உள்ளே கை விட்டுப் பார்த்தேன். மூன்று பக்கமும் கல் வழவழப்பாக இருந்தது, விளிம்பில் மட்டும் ஒரு பக்கம் அதிகமாக. வலது கையால் எடுத்தவர்கள் போல. என் கையும் அதே பக்கம்தான் உரசியது.

1946-47 குளிர்காலத்தில் ஓர் இளைஞருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கடல் கொந்தளிப்பால் மருத்துவர் வர முடியவில்லை. இறந்துவிட்டார். அதன் பிறகு ஊர் ஊராக இருக்கவில்லை. அந்த ஏப்ரலில் உணவில்லை என்று பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். இளையவர்கள் ஏற்கெனவே அமெரிக்காவுக்குப் போய்விட்டிருந்தார்கள், அதிலும் மாசசூசெட்ஸில் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற ஒரே ஊருக்கு நிறைய பேர். பள்ளி 1941இலேயே மூடிவிட்டது. கடைசிக் காலத்தில் தீவில் ஒரே ஒரு குழந்தை. 1953 நவம்பர் 17 அன்று வெளியேற்றம் தொடங்கியபோது மிச்சம் 22 பேர். அவர்களுக்கு டூன் க்வீனில் வீடு கொடுத்தார்கள். அந்த வீடுகளின் வாசலில் நின்றால் தீவு தெரியும்.

வெள்ளை மணல் கடற்கரையில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் கிடந்தன. ஐம்பது வரை எண்ணினோம். தம்பி புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அக்கா, டோமாஸுக்குச் சின்ன வயசுல யாராவது அவர் மொழியில எழுதக் கத்துக்கொடுத்திருந்தா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்குப் பள்ளி கொடுக்கவில்லை. அவரே தேடி எடுத்துக்கொண்டார். அதற்கு நாற்பது வயதாகிவிட்டது.

மூன்றரை மணிப் படகில் திரும்பினோம். ராத்திரி கால் வலி. சீக்கிரம் படுக்கிறேன்.

ஐந்தாம் நாள்

இன்று கிளம்ப வேண்டும். காலையில் குவாஸ் அன் வோடிக் என்ற குறுகிய கடல் இடுக்குக்குப் போய் வந்தோம். ஆங்கிலத்தில் பிராண்டன் க்ரீக். ஆறாம் நூற்றாண்டுத் துறவி பிரெண்டன் இங்கிருந்துதான் மேற்கே கடலில் போனார் என்பது மரபு. அது முடியுமா என்று பார்க்க டிம் செவரின் 49 எருதுத் தோல்களைத் தைத்துப் போர்த்த படகில் 1976இல் இதே இடத்திலிருந்து கிளம்பி, 1977இல் நியூஃபவுண்ட்லாந்தில் இறங்கினார். இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிராண்டன் மலை, 952 மீட்டர், இன்று மேகமில்லாமல் முழுசாகத் தெரிந்தது. அதில் ஏற ஒரு நாள் வேண்டும். அடுத்த முறை.

துறையில் மூன்று பேர் ஒரு நேவோக்கைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆள் தெரியவில்லை, படகுக்கு ஆறு கால் முளைத்து நடக்கிற மாதிரி இருந்தது. படகுக்குள்ளிருந்து பேச்சு கேட்டது. இடது, கொஞ்சம் மெதுவாக, கல் இருக்கிறது. அர்த்தம் எனக்குத் தெரியாது, அவர்கள் கால் போன விதத்தில் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரில் இறக்கியதும் ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். தம்பி "தா பாட்…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். உன்னிடம் என்பதற்குச் சொல் தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே முடித்துக் கொடுத்தார், "அகத்."

பத்து மணிக்குப் பையை வண்டியில் ஏற்றினோம். கணக்கு முடித்தாயிற்று. வீட்டுக்காரம்மா வாசல் வரை வந்து, தம்பியின் முகத்தைப் பார்த்து மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டார்: "அன் வில் ஓக்ரஸ் ஒர்ட்?"

உன் மேல் பசி இருக்கிறதா.

காலையில் இரண்டு முட்டையும் நான்கு துண்டு ரொட்டியும் சாப்பிட்டிருந்தான். ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு வினைச்சொல்லை மட்டும் சரியாக எடுத்துச் சொன்னான்.

"தா."

அவர் உள்ளே திரும்பிப் போனார். டவலில் சுற்றிய அரை பிரவுன் பிரெட்டோடு வந்தார். இன்னும் சூடாக இருந்தது. கானர் கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்தி அதைப் பிட்டுச் சாப்பிட்டோம்.